மங்குக்கு வாங்கிய ட்யூபும் வாங்காத பில்லும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்குள் ஏலம் களைகட்டிவிடும். மீன் எடுத்துக்கொண்டு கிளம்பும் பெண்கள் கூடையைக் காலி செய்வதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். தலைக்கு முந்தானை, முகத்துக்கு மஞ்சள், அவ்வளவுதான் காப்பு. நாற்பதை நெருங்கும்போது இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் மேலுதட்டிலும் பழுப்புத் திட்டு படர்கிறது. ஊர் அதை மங்கு என்கிறது, மருத்துவர்கள் மெலாஸ்மா என்கிறார்கள்.

மங்கு உயிருக்கு ஆபத்தில்லாதது, ஒட்டிக்கொள்வதும் இல்லை. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் சேர்ந்து தோலின் நிறமி செல்களைத் தூண்டிவிடுகின்றன. எண்ணூர், மணலி பக்கம் பழியை ஆலைப் புகையின் மேல் போடுவார்கள். அதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஜெர்மனியில் ரூர் தொழிற்பகுதியையும் அருகிலுள்ள கிராமப்புறத்தையும் சேர்ந்த 400 மூதாட்டிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், புகைத்துகள் அதிகம் பட்டவர்களின் நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் கூடுதலாக இருந்தன. ஆனால் அவை புள்ளிகள்தான். மங்கைப் பொறுத்தவரை முதல் குற்றவாளி இன்னும் வெயிலே.

மங்கைவிடப் பயப்பட வேண்டியது அதற்கு வாங்கும் ட்யூபைத்தான். மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், "நைட்ல போட்டுக்கோங்கக்கா" என்று ஒரு ட்யூபை நீட்டுவார். பெரும்பாலும் அதில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று இருக்கும். சில நாளிலேயே முகம் வெளுக்கும், பக்கத்து வீட்டுக்காரி விசாரிப்பாள், அவளுக்கும் ஒரு ட்யூப் போகும். மாதங்கள் ஓடியபின் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல்நூலாகத் தெரியும். பரு கிளம்பும், தாடையில் முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் எரியும், அதனால் மறுபடி அதே ட்யூப். இந்த நிலைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று தனிப்பெயரே வைக்க வேண்டி வந்தது.

சிக்கல் என்னவென்றால், மங்குக்கு மருத்துவர் எழுதும் முக்கியமான மருந்திலும் ஸ்டீராய்டு உண்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மிதமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த அந்த க்ரீமை இரவில் மட்டும், சுமார் 8 வாரம், கண்காணிப்போடு போடச் சொல்வார்கள். அதன்பின் நிறுத்தியாக வேண்டும். நடப்பது வேறு. பழைய சீட்டைக் காட்டி, பிறகு சீட்டே காட்டாமல், வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். ஹைட்ரோகுவினோனையும் அளவு மீறிப் போட்டால் தோலில் நீலக்கருப்பு படிந்துவிடும், அதை எடுப்பது மங்கை எடுப்பதைவிடக் கடினம்.

சட்டம் இங்கே மக்கள் பக்கம்தான் இருக்கிறது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் பூசும் ஸ்டீராய்டுகள் 14-ஐ ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சீட்டில்லாமல் அவற்றை விற்பது குற்றம். ட்யூபின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்து.

இன்னொரு ஆபத்து, சில சிவப்பழகு க்ரீம்களில் இருக்கும் பாதரசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய குறியீடு தெரிந்தது, அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவர்கள். இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, முக க்ரீமில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியிலும் ஆன்லைனிலும் வரும் டப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. முறையாக இறக்குமதியானதில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் மூன்றும் இருக்கும். 'தங்கம், வெள்ளி நகை மேல் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், கீழே வைத்துவிடலாம். தாலியும் மூக்குத்தியும் போட்டவர்களிடம் இப்படி ஒரு க்ரீமை விற்கிறார்கள்!

முறையான சிகிச்சைக்கு அதிகம் அலைய வேண்டாம். ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். முகத்தில் வரும் கருப்பெல்லாம் மங்கு அல்ல, தலைச்சாய அலர்ஜியும் கருப்பாகப் படரும். கழுத்தில் வெல்வெட் போலக் கருத்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் வந்த மங்கு பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானே மங்கும், அதுவரை ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன் பக்கமே போகக் கூடாது. ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரை பலன் தரும், ஆனால் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. எந்த மருந்தானாலும் சன்ஸ்க்ரீன் இல்லாமல் நிற்காது. இரும்பு ஆக்ஸைடு கலந்த, லேசாக நிறமுள்ள வகை கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் மங்குக்குக் கூடுதல் நல்லது. அதோடு ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: மங்கைக் கட்டுக்குள் வைக்கலாம், திரும்பவே வராது என்று யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது.

ஏற்கெனவே முகம் கெட்டுவிட்டவர்கள் ட்யூபை அட்டைப்பெட்டியோடு வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஸ்டீராய்டைத் தாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. பக்கவிளைவை 1800-180-3024 என்ற எண்ணில் பதியலாம். சீட்டில்லாமல் விற்ற கடை மீது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம். மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-வது பிரிவு பலருக்கும் தெரியாது: பணம் கொடுத்து வாங்கிய மருந்தையோ க்ரீமையோ, கட்டணம் செலுத்தி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறும் உரிமை யாருக்கும் உண்டு. நஷ்டஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழிகாட்ட 1915 என்ற உதவி எண் உண்டு.

இந்த வாசல்களில் பலவற்றிலும் முதலில் கேட்பது பில்லைத்தான். சீட்டில்லாமல் ட்யூப் நீட்டும் கடை அதைத் தானாகத் தராது, கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் ட்யூபையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.