அச்சும் ஆணியும் – 14: ஆறு ஸ்டட்டுகள் அழுத்தும் 27 டன்

உயர்த்தப்பட்ட பிக்கப் வண்டிக்கு வீல் ஸ்பேசர் ஏன் தேடப்படுகிறது என்பது சென்ற வாரக் கணக்கிலேயே தெளிவானது: சக்கரங்களுக்கிடையே 1,450 மி.மீ. அகலமும், தரையிலிருந்து 750 மி.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள வண்டியில் அம்மையம் 50 மி.மீ. மேலேறினால், பழைய நிலைப்பை மீட்கப் பக்கத்துக்கு ஏறத்தாழ 48 மி.மீ. அகலம் கூட்ட வேண்டும். அதை மீண்டும் விரிக்க இவ்வாரம் இடமில்லை.

வீல் ஸ்பேசர் என்பது சக்கரம் பொருந்தும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கப்படும் அலுமினிய வட்டு. அது எவ்வளவு தடிமனோ அவ்வளவு சக்கரம் வெளியே வரும். ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைத் தண்டுகளான ஸ்டட்டுகளிலேயே கோத்து வைக்கப்படும் வெறும் வட்டு ஒரு வகை. ஹப்பின் ஸ்டட்டுகளில் தனி நட்டுகளால் இறுக்கப்பட்டு, தன்னிடமுள்ள வேறு ஸ்டட்டுகளில் சக்கரத்தைத் தாங்குவது இன்னொரு வகை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வயல்வெளிகளில் நெல் மூட்டையும் கரும்பும் ஏற்றும் வண்டிகள் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டிக் கட்டி உயர்த்தப்படுவது பழைய வழக்கம் என்றாலும், அவற்றுக்கு ஸ்பேசர் பூட்டும் ஆசை அண்மைக்காலத்தது. அந்த ஆசையின் நன்மை தீமையை எடைபோடுவதற்கு முன், சக்கரம் வண்டியில் எதனால் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். பெரும்பாலோர் அதற்குச் சொல்லும் விடை தவறானது.

ஸ்டட்டுகள் வண்டியின் எடையைத் தம் மேல் தாங்கி நிற்பதாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் ஒழுங்காக இறுக்கப்பட்ட சக்கரத்தில் ஸ்டட்டின் பக்கவாட்டில் எடை விழுவதே இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மயிரிழையளவு நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்கப் பார்க்கும் விசை, சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வே எடையையும், பிரேக்கின் முறுக்கையும், குழியில் விழும் அதிர்ச்சியையும் தாங்குகிறது. ஹைலக்ஸ் போன்ற ஆறு ஸ்டட் பிக்கப்பில் 12 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஸ்டட்டின் நட்டை ஏறத்தாழ 108 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்குவதாகக் கொள்ளலாம். அது அரை மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 22 கிலோ அளவுக்குக் கையால் அழுத்துவதற்குச் சமம். மரையின் சரிவும் உராய்வும் கலந்த வழக்கமான கணக்கின்படி, அந்த 22 கிலோ ஸ்டட்டுக்குள் 45,000 நியூட்டன், அதாவது நாலரை டன் இழுவிசையாக மாறுகிறது. ஆறு ஸ்டட்டுகளுக்குமாகச் சேர்த்தால் 27 டன்! விரல் தடிமனுள்ள ஆறு எஃகுத் தண்டுகள், வண்டி நின்றாலும் ஓடினாலும், ஒவ்வொரு சக்கரத்தையும் 27 டன் விசையோடு இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருக்கின்றன என்பது, தெருவில் நாள்தோறும் கண்ணில்படும் ஒரு பொருளைப் பற்றி அறியக் கிடைக்கும் வியப்புகளில் தலையாயது.

அந்த 27 டன்னில் உராய்வாகக் கிடைப்பது ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 4 டன். ஒரு பின்சக்கரம் ஏற்றிய சுமையோடு 1,000 கிலோ தாங்குவதாகவும், சாலைக் குழியில் இறங்கும் நொடியில் அது மும்மடங்காவதாகவும் வைத்துக்கொண்டால் 3 டன். உராய்வு அதைச் சமாளித்துவிடும். ஆனால் நட்டின் இறுக்கம் பாதியாகக் குறைந்தால் உராய்வும் 2 டன்னாகிவிடும், அதே குழியில் சக்கரம் ஹப்பின் மேல் நழுவும், நழுவும்போதெல்லாம் ஸ்டட்டுகள் வளைந்து நிமிரும். வளைந்து நிமிரும் எஃகு சில ஆயிரம் சுற்றுகளில் சோர்ந்து விரிசல் விடுகிறது. ஒன்று அறுந்ததும் அதன் பங்கு மற்றவற்றின் மேல் விழ, அவையும் அடுத்தடுத்து அறுகின்றன. ஓடும் வண்டியில் சக்கரம் கழன்றோடும் விபத்துகளில் பல இந்த வழியில்தான் நேர்கின்றன.

இந்த நழுவலைக் கண்ணால் முன்கூட்டியே காணலாம். நட்டின் அடியிலிருந்து வெளிநோக்கி, ஈரம் காய்ந்த காவி போன்ற செம்பழுப்புக் கோடுகள் கதிர்களாகப் படிந்திருந்தால், அது மழைத்துரு அன்று. இரு உலோக முகங்கள் உரசித் தேய்ந்த பொடி. நட்டைக் கழற்றிச் சக்கரத்தின் துளையைப் பார்த்தால், வட்டமாக இருந்த கூம்புவாய் ஒரு பக்கம் பளபளத்து முட்டை வடிவம் கொண்டிருக்கும். ஸ்டட்டின் மரைகளிலும், துளையின் விளிம்பு பட்ட இடத்தில், வரிசையாகச் சிறு வெட்டுத் தடங்கள் தெரியும். அத்தகைய ஸ்டட்டை மீண்டும் இறுக்குவதால் பயனில்லை. மாற்றியே ஆக வேண்டும்.

நட்டு தானாகக் கழல்வதைப் பற்றிய அச்சம் பழையது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களின் ஸ்டட்டுகளுக்கு இடமரை வெட்டப்பட்டிருந்தது. சக்கரம் சுழலும் திசை நட்டைக் கழற்றிவிடக் கூடாது என்ற எண்ணமே அதற்குக் காரணம். 1947இல் மும்பையில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கிய பின், இது தெரியாத இந்தியப் பட்டறைகளில் ‘கழற்றக் கழற்ற இறுகும்’ நட்டோடு மல்லுக்கட்டி ஸ்டட்டையே முறித்தவர்கள் உண்டு. அதற்கும் முந்தைய ஏற்பாடு கடையாணி. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரை எடுத்துக்கொள்ளலாம். மரத்தேரின் சக்கரம் அசையாத அச்சின் மேல் தளர்வாகச் சுழல்வது. அங்கே கடையாணியின் வேலை சக்கரம் வெளியே நழுவாமல் தடுப்பது மட்டுமே. தேரை நிறுத்துவது முட்டுக்கட்டை. பிக்கப்பின் ஸ்டட்டோ பிரேக்கின் முழு முறுக்கையும் உராய்வு சக்கரத்துக்குக் கடத்தும் அளவுக்கு அழுத்திப் பிடித்தாக வேண்டும், ஆகவே தளர்வு என்பதே அதற்கு ஆகாது.

இப்போது ஸ்பேசருக்குத் திரும்பலாம். நட்டுகளால் பூட்டும் ஸ்பேசர் வந்ததும் ஒரு மூட்டு இரண்டாகிறது: ஹப்புக்கும் ஸ்பேசருக்கும் ஒன்று, ஸ்பேசருக்கும் சக்கரத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முழு 27 டன் தேவை. வெளிமூட்டின் நட்டுகள் கண்ணுக்குத் தெரியும். உள்மூட்டின் ஆறு நட்டுகளும் சக்கரத்துக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன, சக்கரத்தைக் கழற்றாமல் அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. ஸ்பேசரால் நேரும் ஆபத்தில் பெரும்பகுதி அலுமினியத்தின் வலுவில் இல்லை, பார்வைக்கு எட்டாத இந்த ஆறு நட்டுகளில்தான் இருக்கிறது.

சக்கரத்தை வெளியே தள்ளும் தேவை வேளாண்மைக்குப் புதிதன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஹாரி பெர்குசன் வடிவமைத்த டிராக்டர்களிலிருந்தே, பின்சக்கரத்தின் குழிந்த வட்டைத் திருப்பிப் பூட்டியும், ரிம்மை இடம் மாற்றியும், சக்கர இடைவெளியை 4 அங்குலப் படிகளில் கூட்டவும் குறைக்கவும் வழி இருந்தது. சென்னை செம்பியத்தில் டாபே நிறுவனம் தயாரித்த மேசி பெர்குசன் டிராக்டர்களும் அம்மரபில் வந்தவை. ஒரு படிக்குப் பக்கத்துக்கு 2 அங்குலம், அதாவது சந்தையில் விற்கும் பெரிய ஸ்பேசரின் தடிமன். ஆனால் வட்டைத் திருப்பும்போது புதிய மூட்டு எதுவும் நுழைவதில்லை, வட்டு நேரே ஹப்பின் மேலேயே அமர்கிறது. தாங்கும் பேரிங்கும் அதற்கேற்பவே செய்யப்பட்டது. பாகூர் ஏரிப் பாசனத்தில் சேடை ஓட்டும்போது டயருக்கு வெளியே பூட்டப்படும் அரைக் கேஜ்வீலும் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) இந்த வகையில் கவனிக்கத்தக்கது: அது தாங்கும் எடை அச்சின் நுனியைத் தாண்டி வெளியே விழுகிறது என்றாலும், சேறு இளகி இடம் கொடுப்பதாலும் வேகம் நடையளவே என்பதாலும் அச்சு பிழைக்கிறது. அதே கேஜ்வீலோடு தார்ச்சாலையில் ஏறும்போது சாலையும் கெடுகிறது, ஹப்பின் போல்ட்டுகளும் நொந்துபோகின்றன.

ஸ்பேசர் பூட்டியே தீர வேண்டும் என்போர் முதலில் பார்க்க வேண்டியது நடுத்துளை. ஹப்பின் நடுவே துருத்தும் வளையத்தின் மேல் ஸ்பேசர் ஆட்டமின்றி அமர வேண்டும். ஸ்பேசரின் வெளிமுகத்திலும் அதே அளவு வளையம் இருந்து சக்கரத்தைத் தாங்க வேண்டும். ஹைலக்ஸின் வளையம் 106.1 மி.மீ.; ஆறு துளைகளும் 139.7 மி.மீ. வட்டத்தில் பொருந்திவிட்டன என்பதற்காக வேறு வண்டியின் ஸ்பேசரை ஏற்பது தவறு, ஏனெனில் அந்த 139.7 என்பது உலகெங்கும் பல பிக்கப்புகளுக்குப் பொதுவான பழைய ஐந்தரை அங்குலமே. வெறும் வட்டு வகையில், பூட்டிய பின் நட்டு ஸ்டட்டில் குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தளவுக்கு ஏற வேண்டும், 1.5 மி.மீ. மரையுள்ள 12 மி.மீ. ஸ்டட்டில் அது எட்டு முழுச் சுற்று. நட்டில் பூட்டும் வகையில், ஹப்பின் ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் ஸ்டட் நுனியில் முட்டி நிற்கும்; இறுகியது போல் தோன்றினாலும் முகம் முகத்தில் பட்டிருக்காது.

இரு முகங்களிலும் பெயின்ட்டும் துருவும் இருக்கக் கூடாது. பெயின்ட் படலம் நசுங்க நசுங்க 27 டன் கரைகிறது. மணப்பட்டுப் பக்கம் போல் உப்புக்காற்று வீசும் இடங்களில் எஃகு ஹப்போடு அலுமினிய வட்டு அரித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், நடுவளையத்தில் மட்டும் சிறிது கிரீஸ் தடவலாம். மரையில் எண்ணெய் கூடாது. எண்ணெயிட்ட மரையில் அதே முறுக்குவிசை ஸ்டட்டை மூன்றில் ஒரு பங்கு மிகையாக இழுத்துவிடும். பஞ்சர் கடைகளில் ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி அதன் மேல் ஏறி நிற்பது 65 கிலோ ஆளுக்கு 65 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு, தேவையான 11 கிலோகிராம்-மீட்டரின் (அதாவது 108 நியூட்டன் மீட்டரின்) ஏறத்தாழ ஆறு மடங்கு; அந்த ஸ்டட் அன்றே பாழ். டார்க் ரெஞ்சால், எதிரெதிர் நட்டுகளாக, இரண்டு மூன்று கட்டங்களில் இறுக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்குள் சக்கரத்தைக் கழற்றி உள்நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். பிறகு டயர்களை இடம் மாற்றிப் பூட்டும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

சுமைவண்டிக்கு ஸ்பேசர் வேண்டாம் என்பதே இத்தொடரின் உறுதியான கருத்து. 30 மி.மீ. ஸ்பேசரும் 1,000 கிலோ சுமையும் சேர்ந்து பின்சக்கரப் பேரிங்கின் மேல் 30 கிலோகிராம்-மீட்டர் வளைவிசையை நிலையாக ஏற்றுகின்றன. அதைத் தாங்குவதற்கென அந்தப் பேரிங் செய்யப்படவில்லை. அகலம் வேண்டுமெனில், வண்டித் தயாரிப்பாளர் ஏற்கும் எல்லைக்குள் அமைந்த வேறு சக்கரத்தைப் பூட்டுவது மேல், ஏனெனில் அதில் மூட்டு ஒன்றே.

சட்டம் பற்றி இவ்வாரமே எழுதுவதாகச் சொல்லப்பட்டிருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என வந்த 182ஏ பிரிவும், பாகூரில் பதிவாகிக் கடலூர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுச் சாலையில் ஓடும் வண்டியை எப்படித் தொடுகின்றன என்பது தனி அத்தியாயத்துக்கு உரியது. அது அடுத்த வாரம்; இடமிருந்தால் பேரிங்கும்.