டாலரை விழுங்கிய ரூபாய்

புதனும் ஞாயிறும் புனேயின் ஜூனா பஜாரில் கால் வைக்க இடமிருக்காது. துருப்பிடித்த ஸ்பானர், பித்தளை விளக்கு, நின்றுபோன கடிகாரம் எனத் தரையில் பரப்பிய சாமான்களுக்கு நடுவே நாணயக் குவியல்கள். அங்கே குத்துக்காலிட்டுத் தேடுபவர்கள் 1918-ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைக் கண்டு பரபரப்பதில்லை. கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்ட காசு அது. தேய்ந்துபோயிருந்தால் வெள்ளியின் விலைக்கு மேல் பெரிதாக எதுவும் தேறாது. ஆனால் அமெரிக்க நாணய சேகரிப்பாளர்களின் தூக்கத்தைக் கெடுத்ததில் இந்த ரூபாய்க்குப் பங்குண்டு.

முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வாங்கிக் குவித்த சரக்குகளுக்கு பிரிட்டன் ரூபாயாகத் தர வேண்டியிருந்தது. நோட்டை நீட்டினால் அரசு வெள்ளி ரூபாய் தந்தாக வேண்டும். காகிதத்தை நம்பாத மக்கள் நோட்டுகளுடன் படையெடுக்க, கையிருப்பு கரைந்தது. வேறு வழியின்றி அமெரிக்காவிடம் போனது பிரிட்டன். 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. அதன்படி உருக்கப்பட்ட டாலர்கள் 27 கோடிக்கும் மேல். அவற்றில் சுமார் 25.9 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காக விற்கப்பட்டது. ஒரு டாலரிலுள்ள வெள்ளியில் கணக்காக இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம்!

எந்த வருடத்து டாலர்கள் உலைக்குப் போயின என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வினை அங்கேதான். நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலை 1903-இல் அடித்த டாலர்கள் 44.5 லட்சம். பிற்பாடு அவை கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட, எல்லாம் உருகிவிட்டன என்று சேகரிப்பாளர்கள் முடிவு கட்டினார்கள். 1962-இல் பட்டியல் விலை 1,500 டாலர். அந்த வருடக் கடைசியில் அரசின் பாதுகாப்பு அறையிலிருந்து அதே காசு மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. விலை அதல பாதாளத்துக்குப் போயிற்று. அதற்கு முன் ஆசையாக வாங்கியவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

உருக்கியதை ஈடுகட்ட அமெரிக்கா மறுபடி அச்சடித்தது. 1921-இல் மட்டும் பழைய மார்கன் வடிவத்தில் 8.6 கோடிக்கும் மேல். எனவே ‘நூறு வருடத்து டாலர்’ என்று கடைக்காரர் நீட்டினால் முதலில் வருடத்தைப் பார்ப்பது நல்லது. அடுத்தது எடை. தேயாத அசல் 26.73 கிராம் இருக்கும். காந்தத்தில் ஒட்டினால் பேரமே வேண்டாம்.