எந்த எஞ்சினுக்கு எப்போது கம்பி இழுப்பது?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. தமிழர் இருக்கும் இடமெல்லாம் அந்த அணியின் போர்ஷே காரின் படம் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் வேகத்தைப் பேசினார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அந்த 4 லீற்றர் எஞ்சினைக் காப்பாற்றிய ஒயிலைப் பற்றிய பேச்சு எங்கும் காதில் விழவில்லை.

மன்னார் வீதிகளில் அப்படிப்பட்ட கார் ஓடக் காண்பது அரிதுதான். ஆனாலும் அந்த ஒயில் பேச்சு மன்னாருக்கு வேண்டிய விஷயம். இங்கே கராஜில் தொழில் பழகிய பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். அங்கே நாளைக்கு எந்தக் கார் முன்னால் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஊரில் பழகிய முறையிலேயே அதற்கும் ஒயில் பார்த்தால், நல்ல எஞ்சினை நல்லெண்ணத்தோடு கெடுத்துவிட முடியும்.

ஊரில் பழகிய முறை நமக்குத் தெரியும். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, ஒயில் மட்டம் காட்டும் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்ப்போம். காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே பார்த்துவிடுகிறவர்களும் உண்டு. வான், பட்டா லொறி, சாதாரணக் கார் எல்லாவற்றுக்கும் இது பெரும்பாலும் சரி. அவற்றில் ஒயில் எஞ்சினின் அடியிலுள்ள சம்பில்தான் கிடக்கிறது. ஓட்டத்தை நிறுத்தினால் மேலே போன ஒயிலும் வடிந்து அங்கேயே வந்து சேரும்.

பந்தயத்துக்கென்று பிறந்த எஞ்சினுக்கு இந்த ஏற்பாடு போதாது. காரின் எடைக்குச் சமமான விசை வளைவில் பக்கவாட்டாகத் தள்ளினால், சம்பிலுள்ள ஒயிலின் மேற்பரப்பு 45 பாகை சரிந்துவிடும். அந்த நேரத்தில் பம்பின் வாய் ஒயிலுக்கு வெளியே இருந்தால் அது உறிஞ்சுவது காற்றை. போர்ஷே 911 ஜிடி3 எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். நொடிக்கு 150 சுற்று. அந்த வேகத்தில் பெயரிங்குக்கு ஒரு கணம் ஒயில் வராமல் போனாலும் உலோகத்தோடு உலோகம் உரசிவிடும்.

அதனால்தான் அத்தகைய எஞ்சின்களில் ட்ரை சம்ப் ஏற்பாடு. ஒயில் தனித் தாங்கியில் இருக்கும். ஒரு பம்ப் அதை எஞ்சினுக்கு அனுப்ப, வேறு பம்புகள் அடியில் விழும் ஒயிலை அள்ளித் தாங்கிக்கே திருப்பிவிடும். கார் நின்றுவிட்டால் தாங்கியிலிருந்து ஒயில் மெல்லக் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கும். குளிர்ந்த எஞ்சினில் கம்பியை இழுத்தால் ‘குறைவு’ என்று காட்டும், சில வேளை கம்பியே காய்ந்திருக்கும். பதறிப்போய் ஒரு லீற்றர் ஊற்றுவார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கீழே இறங்கிய ஒயில் தாங்கிக்குத் திரும்பும். ஊற்றியதும் சேர்ந்து மட்டம் மீறும். மிச்சம் சுவாசக் குழாய் வழியே காற்று உள்ளே போகும் பாதைக்குள் ஏறி நீலப் புகையாக வெளிவரும்.

பழைய காற்றுக் குளிர்ச்சி 911 கார்களில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, சமதரையில், மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பார்க்க வேண்டும். பல ஃபெராரி மாடல்களிலும் இப்படித்தான். சாதாரணக் கார் ஓட்டியவருக்கு இது முழுத் தலைகீழ். இன்றைய 911இல் கம்பியே கிடையாது. திரையில் பார்க்க வேண்டும், அதற்கும் சூடும் சமதரையும் தேவை. 1972 மாடல் 911இல் ஒயில் ஊற்றும் மூடியைப் பின் சக்கரத்துக்கு முன்னால், காரின் வெளிப்புறத்தில் வைத்திருந்தார்கள். அதைப் பெற்றோல் மூடி என்று நினைத்துச் சிலர் ஒயில் தாங்கிக்குள் பெற்றோல் அடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே போர்ஷே அந்த மூடியை உள்ளே எடுத்துவிட்டது.

ஒயிலுக்குள் எரிபொருள் கலந்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து மூத்த மெக்கானிக்குகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 90களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சம்பில் இறங்கும். அப்போது கம்பியில் மட்டம் ஏறும். அறியாதவர், ஒயில் குறையவில்லை என்று ஆறுதல் அடைவார். விரலால் தொட்டு, முகர்ந்து பார்க்கிறவருக்கு அது தண்ணீர்போல் நீர்த்துப் போனது உடனே தெரியும். என் கண்ணில், மட்டம் குறைவதைவிட ஏறுவதுதான் கூடுதல் ஆபத்து. குறைந்தால் ஊற்றுவோம். ஏறினால் பலர் கவனிப்பதே இல்லை.

பேசாலை, பள்ளிமுனை, வங்காலைக் கரைகளில் இதே பாடம் இன்னொரு வடிவில் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் படகு எஞ்சினில் பார்க்க மட்டமே இல்லை. ஒயில் எரிபொருளோடு கலந்து எரிந்து போகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அப்படி ஒரு நெருக்கடியில் ஒயிலையாவது கொஞ்சம் குறைப்போம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். தயாரிப்பாளர் சொன்ன விகிதத்துக்குக் கீழே போனால் பிஸ்டன் இறுகும், அதுவும் கரை தெரியாத இடத்தில். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கம்பி உண்டு. ஆனால் கரையேற்றிய படகில் எஞ்சினைச் சாய்த்து வைப்பார்கள். அந்தச் சாய்வில் பார்த்த மட்டத்துக்குப் பொருளே கிடையாது. நேரே நிமிர்த்தி, வடியவிட்டுப் பார்க்க வேண்டும். நெடுநேரம் மெதுவாக ஓட்டினால் இதிலும் எரிபொருள் ஒயிலில் இறங்கி மட்டத்தை ஏற்றும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அன்றைக்கு அந்த எஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோகவே கூடாது.

சோழகக் காற்று வீசும் மாதங்களில் மன்னாரில் இன்னொரு கவனமும் வேண்டும். தீவின் தென்கரையில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வருகிறது. மூடியைத் திறக்கும் முன் சுற்றுப்புறத்தைத் துடையுங்கள். நூல் பிரியும் கழிவுப் பஞ்சால் கம்பியைத் துடைக்க வேண்டாம். மணலில் ஒரு சக்கரம் புதைந்து நின்றால் அது சமதரை ஆகாது. வாகனத்தைத் தார் வீதிக்கு ஏற்றிவிட்டே பாருங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, சொந்த உபயோகக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் நம் வாகனங்களுக்கெல்லாம் வயது ஏறிவிட்டது, ஒயில் குடிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் வரை போவது இயல்பே என்று புதிய கார்களுக்கே சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. ஆகவே ஒயில் குறைந்திருக்கிறது என்பது மட்டும் செய்தி ஆகாது. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு குறைந்தது என்பதே நோயைக் காட்டும். பந்தய அணிகள் ஊற்றும் ஒயிலுக்குக் கணக்கு வைத்திருப்பது இதற்காகத்தான். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தேதி, ஓடிய தூரம், ஊற்றிய அளவு, பார்த்தபோது எஞ்சின் சூடா குளிரா என்று நான்கு கட்டம் போட்ட ஒரு கொப்பி கராஜ் சுவரில் தொங்கினால் போதும். படகுக்காரர் தூரத்துக்குப் பதில் ஓடிய மணித்தியாலத்தை எழுதிக்கொள்ளலாம். தொழில் பழக வருகிற பிள்ளையின் கையில் முதல் நாளே அந்தக் கொப்பியைக் கொடுங்கள்.