அசையாத கண்ணாடி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்க்கலாம். கேனான் நிறுவனம் 1995-இல் இஓஎஸ்-1என் ஆர்எஸ் என்று ஒரு ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்தது. விளையாட்டுப் படம் எடுக்கும் தொழில்முறைக்காரர்களை மனதில் வைத்துச் செய்த கனமான கேமரா. எட்டு ஏஏ பேட்டரி போட்டால்தான் ஓடும். லென்ஸைக் கழற்றினால், எல்லா எஸ்எல்ஆர் கேமராவிலும் இருப்பதுபோல் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. ஷட்டர் பட்டனை அழுத்திப் பார்த்தால் அது அசையவே இல்லை.

அது ஏன் அசைய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். சாதாரண எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியை அந்தக் கண்ணாடி மேலே திருப்பிவிடுகிறது. மேலே இருக்கும் பட்டகம் அதை நம் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. ஃபிலிம் இருப்பது கண்ணாடிக்குப் பின்னால். ஆகவே பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்கி வழிவிட வேண்டும், ஷட்டர் திறந்து மூட வேண்டும், பிறகு கண்ணாடி பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். நாம் கேட்கும் ‘கிளாக்’ சத்தத்தில் பெரும்பங்கு கண்ணாடியுடையது.

இந்த இடத்தில் அநேகமாக எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. எஸ்எல்ஆரில் கண்ணால் பார்ப்பதுதான் படமாக விழுகிறது என்று நம்புகிறோம். இடத்தைப் பொறுத்தவரை அது சரி: எதுவரை படத்துக்குள் வரும், எது வெட்டுப்படும் என்பதெல்லாம் ஏறக்குறைய பார்த்தபடியே அமையும். நேரத்தைப் பொறுத்தவரை அது நடப்பதில்லை. ஃபிலிமில் ஒளி விழும்போது கண்ணாடி மேலே இருக்கிறது, வியூஃபைண்டர் இருட்டாக இருக்கிறது. நாம் பார்த்தது அதற்கு முந்தைய நொடித்துளி. பதிவான நொடித்துளியை எடுத்தவர் பார்க்கவே இல்லை. ஒரு குழுப்படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வியூஃபைண்டருக்குள் பளிச்சென்று ஒரு ஃப்ளாஷ் தெரிந்தால், அது பக்கத்தில் நின்று எடுத்தவருடைய ஃப்ளாஷ். நம்முடையது மின்னியபோது நமக்கு இருட்டு. அதனால்தான் யார் கண்ணை மூடினார்கள் என்பது கழுவி எடுத்த பிறகே தெரிகிறது.

ஆர்எஸ் கேமராவில் இந்த இருட்டு இல்லை. அதன் கண்ணாடி ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். மாலை மங்கும் நேரத்தில் ரயில் ஜன்னலைப் பார்த்தால், நம் முகமும் தெரியும், வெளியே வயலும் தெரியும் அல்லவா? ஒரே கண்ணாடி கொஞ்சம் ஒளியைத் திருப்பி, மிச்சத்தை உள்ளே விடுகிறது. அப்படித்தான் இதுவும்: வரும் ஒளியில் 65 சதவீதம் நேராக ஃபிலிமுக்குப் போகிறது, 35 சதவீதம் மேலே கண்ணுக்கு வருகிறது. ஷட்டர் திறந்திருக்கும்போதும் காட்சி அறுபடாது. நம் ஃப்ளாஷை நாமே பார்க்கலாம்.

சன்னல் கண்ணாடியையே வெட்டி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். சாய்ந்து நிற்கும் தடித்த கண்ணாடி, முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றுமாகப் பிம்பத்தை இரட்டிப்பாக்கிவிடும். படலம் மெல்லியதாக இருந்தால் அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். 1965-இல் வந்த கேனான் பெலிக்ஸில் இருந்த படலத்தின் தடிமன் 0.02 மில்லிமீட்டர்தான். இந்த வழியைத் திறந்துவிட்டதே அந்தக் கேமராதான். பிறகு அதே வழியில், 1972-இல் கேனானின் எஃப்-1 வகை ஒன்று நொடிக்கு 9 படமும், 1984-இல் இன்னொன்று 14 படமும் எடுத்தன.

ஆர்எஸ் நொடிக்குப் பத்துப் படம் வரை எடுக்கும்; 36 படச் சுருள் நாலு நொடிக்குள் காலி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு எண். இதன் உடன்பிறப்பான சாதாரண 1என், பட்டனை முழுதாக அழுத்தியபின் படம் விழ சுமார் 0.055 நொடி எடுத்துக்கொள்ளும். ஆர்எஸ்ஸில் அதற்கென உள்ள முறையில் 0.006 நொடி போதும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து முதல் இடைவெளியில் இரண்டு மீட்டருக்குமேல் போய்விடும். இரண்டாவதில் ஒரு சாண் அளவுதான். இதற்காக, பட்டனைப் பாதி அழுத்தும்போதே லென்ஸின் துவாரம் வேண்டிய அளவுக்குச் சுருங்கிக் காத்திருக்கும். அப்போது வியூஃபைண்டர் மேலும் மங்கும், பதற வேண்டாம்.

இனி செலவுக் கணக்கு. ஃபிலிமுக்கு மூன்றில் இரண்டு ஸ்டாப் ஒளி குறைகிறது. எஃப் 2.8 லென்ஸ் ஒளி தரும் அளவில் 3.5 போல நடந்துகொள்ளும். பின்னணி கலங்குவது மட்டும் 2.8 போலவே இருக்கும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் இந்தக் குறைவை அறிந்தே கணக்கிடுவதால், அதை நம்பினால் நாம் எதையும் கூட்ட வேண்டாம். கையில் தனி லைட் மீட்டர் வைத்து அளப்பவர்கள், ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு மீட்டரில் 250 என்று வைத்துக்கொண்டால் போதும். நெகட்டிவ் ஃபிலிம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிமில் மறந்தால் படம் இருண்டுபோகும்.

ஸ்டாண்டில் வைத்து நெடுநேரம் திறந்து எடுக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். சாதாரண கேமராவில் மேலே மடங்கிய கண்ணாடி, வியூஃபைண்டர் பக்கத்திலிருந்து வரும் ஒளியை அடைத்துவிடும். இதில் அடைப்பு கிடையாது. பின்னாலிருந்து வரும் ஒளி உள்ளே கசிந்து ஃபிலிமைக் கெடுக்கும். கண் வைக்கும் இடத்தை மூடக் கேமராவிலேயே ஒரு சிறு திரை இருக்கிறது, அதை மூடிவிட்டு எடுங்கள்.

பழையதாக ஒன்று கைக்கு வந்தால், முதலில் லென்ஸைக் கழற்றி, கேமராவை வெளிச்சத்தில் சாய்த்து அந்தப் படலத்தைப் பாருங்கள். மற்ற கேமராக்களில் கண்ணாடியில் அழுக்கிருந்தால் பார்வைதான் மங்கும். இதில் படம் அதன் வழியாகவே போகிறது. ஓரிரு தூசி, ஃபிலிமிலிருந்து தள்ளி இருப்பதால், படத்தில் தெரியாது. ரப்பர் புளோயரால் மெல்ல ஊதினால் போய்விடும். விரல் ரேகை பதிந்திருந்தால் படம் முழுக்க ஒரு மங்கல் பரவும். அதைத் துணியால் துடைக்கப் போனால் பூச்சு உரியும், படலமே கிழியலாம். ரேகை இருக்கிற கேமராவை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காமல் விட்டுவிடுவதே நல்லது.