பாதம் முதலில் தளர்வது ஏன்?

தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய 1 மீட்டர் நீளமுடையது. அதன் நுனிக்கு வேண்டிய புரதங்களுள் பெரும்பாலானவை உயிரணுவின் உடலில் உருவாகி, நுண்குழாய்களைத் தண்டவாளமாகக் கொண்டு பயணிக்கின்றன. விரைவுச் சரக்குக்கே இரண்டு மூன்று நாள்கள் ஆகும். நரம்பிழைக்குப் பருமன் தருபவை நுண்ணிழைகள். சார்க்கோ-மேரி-டூத் நோயின் 2இ வகையில், இந்நுண்ணிழைப் புரதத்திற்குரிய மரபணு பிறழ்ந்துள்ளது. பிறழ்ந்த புரதம் திரண்டு தேங்க, ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் பயணமும் தடைபடுகிறது. தொலைவிலுள்ள பாதமே முதலில் வாடுகிறது. சத்து மாத்திரைகளால் இது தீராது. இயன்முறைப் பயிற்சியும் கணுக்கால் தாங்கியும் நடையைக் காக்க உதவும்.

ஒன்றை வலியுறுத்துகிறோம்: சில புற்றுநோய்களுக்குத் தரப்படும் வின்கிரிஸ்டின், அந்த நுண்குழாய்களையே குலைப்பது. எனவே, எந்த மருத்துவரிடம் சென்றாலும் இந்நோய் இருப்பதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.