சீம்பாலை விட்டுவிடாதீர்கள்
பிள்ளை பெற்ற வீட்டில் முதல் 2 நாளும் ஒரே கவலை, ‘பால் இன்னும் ஊறலையே’ என்று. மஞ்சளாக, பிசுபிசுவென்று சொட்டுச் சொட்டாக வருகிறதே, அந்தச் சீம்பால்தான் அப்போது குழந்தைக்கு வேண்டிய உணவு. நோய் எதிர்ப்புச் சக்தியும் அதில் நிறைய. பிறந்த 1 மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்குங்கள். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, இரண்டும் வேண்டாம். நாளுக்கு 8 முதல் 12 முறை, ராத்திரியிலும் கொடுக்கக் கொடுக்கத்தான் பால் ஊறும்.

பச்சை உடம்பு என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கிறார்களே, அது தப்பு. தாகம் தீரக் குடியுங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். பிள்ளை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். துணியை வீட்டுக்காரர் துவைக்கட்டும். உங்களுக்கு வரும் காரணமில்லாத அழுகை 2 வாரம் தாண்டியும் நிற்கவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.