விளையாடினால் பாவமா, சாமி?



மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்தான். "சாமி, பரீட்சை நேரத்துல விளையாடினா பாவமா?" என்று கேட்டான். வீட்டில் அவனுடைய பந்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

அவனுக்குப் புனித தொன் போஸ்கோவைப் பற்றிச் சொன்னேன். சிறுவயதில் அவர் கழைக்கூத்தாடிகளைப் பார்த்துக் கயிற்றின்மேல் நடக்கப் பழகியவர். ஞாயிறுதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வித்தை காட்டுவார். அதற்கு முன் எல்லாரும் செபமாலை சொல்ல வேண்டும். காலையில் கோவிலில் கேட்ட மறையுரையையும் அவரே திருப்பிச் சொல்வார். குருவானபின் தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக அவர் அமைத்த இல்லத்தில் ஆலயமும் வகுப்பறையும் இருந்ததுபோல, விளையாட்டு முற்றமும் இருந்தது. அங்கியோடு அவரும் அதில் ஓடி விளையாடினார்.

அந்நாட்டில் 1850 ஜனவரி 1 முதல் மெட்ரிக் அளவுமுறை நடைமுறைக்கு வந்தது. படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தபோது நம் பெரியவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் கணக்கில் ஏமாறக்கூடாது என்று தொன் போஸ்கோ அதற்கொரு பாடநூல் எழுதினார். அதோடு விடாமல், அதே கணக்கை நாடகமாகவும் எழுதி, பிள்ளைகளையே நடிக்கவைத்தார். நாடகம் வந்ததால் புத்தகம் தேவையில்லை என்று அவர் நினைக்கவில்லை.

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. கூலி வேலை செய்து படிக்கவைக்கும் வீட்டில் மதிப்பெண்தான் சொத்து. ஆனாலும் தெருவில் ஆடும் ஆட்டத்தைச் சற்று நின்று பாருங்கள். நடுவர் கிடையாது. அவுட்டா இல்லையா என்று சண்டை வரும், விதியைப் பிள்ளைகளே திருத்துவார்கள், சின்னவனுக்கு ஒரு பந்து கூடுதலாகக் கிடைக்கும். விட்டுக்கொடுப்பதையும் யோசித்துப் பேசுவதையும் எந்த டியூஷனில் இப்படிக் கற்பார்கள்? கைப்பேசி விளையாட்டில் இது கிடைக்காது. விதி முழுவதையும் வேறு யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். ஓவிய வகுப்பு, சதுரங்க வகுப்பு என்று சேர்த்துவிட்டு, அதிலும் "எத்தனையாவது பரிசு?" என்று கேட்டால் அதுவும் இன்னொரு பரீட்சைதான்.

அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசினேன். தினமும் மாலை ஐந்து முதல் ஆறு வரை பந்து அவன் கையில் இருக்கும். ஆறு மணிக்கு யாரும் கூப்பிடாமல் அவனே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று பேசி முடித்தோம். முதல் நாள் ஆறே காலுக்குத்தான் வந்தானாம்.